செல்போன் காட்டிக் கொடுக்கும் விஷச்செடி: பார்த்தீனியத்தைக் கண்டுபிடிப்போம், ஒழிப்போம்

செடியை செல்போனில் படம் எடுத்தால் அதன் பெயரைச் சொல்லும் ஆப்கள் பல வந்துவிட்டன. கூகுள் லென்ஸ், பிளாண்ட்நெட், ஐநேச்சுரலிஸ்ட் ஆகிய மூன்றும் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் பெரும்பாலானோர் இவற்றை விளையாட்டாகத்தான் பயன்படுத்துகிறார்கள். தொட்டியில் இருக்கும் குரோட்டன்ஸின் பெயரைத் தெரிந்து கொண்டதும் ஆப்பை மூடி விடுகிறார்கள்.

உருப்படியான ஒரு வேலைக்கு இந்த ஆப்களைப் பயன்படுத்துவது எப்படி என்று இந்தக் கட்டுரையில் பார்ப்போம். வீட்டைச் சுற்றியும் காலி மனைகளிலும் வளரும் பார்த்தீனியம் என்ற விஷச்செடியை, அது பூப்பதற்கு முன்பே கண்டுபிடித்து ஒழிப்பதுதான் அந்த வேலை. "பூப்பதற்கு முன்பே" என்பதை நினைவில் வையுங்கள். சிக்கலே அங்கேதான் இருக்கிறது.

பார்த்தீனியம் என்பது என்ன?

பார்த்தீனியம் நம் ஊர்ச் செடி அல்ல. இதன் தாயகம் வெப்பமண்டல அமெரிக்கப் பகுதி. இந்தியாவில் 1955-ஆம் ஆண்டு புனேயில் இது கண்டறியப்பட்டது. இறக்குமதியான கோதுமையுடன் கலந்து வந்தது என்று பரவலாகச் சொல்வார்கள். அதன் பிறகு ரயில் பாதை, நெடுஞ்சாலை ஓரம், தரிசு நிலம், காலி மனை என்று நாடு முழுவதும் பரவி விட்டது. வடக்கே இதற்கு "காங்கிரஸ் புல்" என்று பெயர். இலை கேரட் இலையைப் போல இருப்பதால் "கேரட் களை" என்பவர்களும் உண்டு. ஆப்களில் தெரியும் அறிவியல் பெயர் பார்த்தீனியம் ஹிஸ்டெரோபோரஸ். சூரியகாந்தி, சாமந்தி ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது.

இது எப்படி இவ்வளவு வேகமாகப் பரவுகிறது? கணக்கைப் பாருங்கள். முளைத்த சுமார் 4 வாரங்களிலேயே பூக்கத் தொடங்கி விடும். நன்கு வளர்ந்த ஒரு செடி 15,000-க்கும் மேற்பட்ட விதைகளை உதிர்க்கக் கூடியது. விதை மிகச் சிறியது. காற்று, மழைநீர், வண்டிச் சக்கரம், கட்டட வேலைக்கு வரும் மண் லாரி என எதில் வேண்டுமானாலும் பயணம் செய்யும். மண்ணில் புதைந்த விதை பல ஆண்டுகள் உயிரோடு கிடந்து, மழை பெய்ததும் முளைக்கும்.

உடம்புக்கு என்ன செய்யும்?

இந்தச் செடியில் பார்த்தீனின் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. இலை, தண்டு, பூ எல்லாவற்றிலும் உள்ள நுண்ணிய மயிர்களில் இது உண்டு. தொட்டவர்கள் எல்லோருக்கும் உடனே அரிக்காது. திரும்பத் திரும்பத் தொடும்போது சிலருக்கு உடம்பு அதை எதிரியாகப் பதிவு செய்து கொள்கிறது. அதன் பிறகு சிறிதளவு பட்டாலும் தோல் சிவந்து, தடித்து, நீர் வடியும். காய்ந்த செடியின் தூள் காற்றில் பறந்து வந்து பட்டாலே போதும், செடியைத் தொடவே வேண்டாம். மகரந்தத்தால் தும்மல், மூக்கில் நீர் வடிதல், மூச்சு இழுப்பு ஆகியவையும் வரலாம்.

எங்கள் வீடு கோவைப் புறநகரில் இருக்கிறது. சுற்றிலும் விற்றுப் போன, ஆனால் கட்டாமல் கிடக்கும் மனைகள். என் அப்பாவுக்குக் கண் இமை, கழுத்து, முழங்கையின் உள்மடிப்பு ஆகிய இடங்களில் மாதக் கணக்கில் அரிப்பு. சோப்பை மாற்றினோம், சோப்புத் தூளை மாற்றினோம், பயனில்லை. தோல் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "தினமும் காலையில் எந்தப் பக்கம் வாக்கிங் போறீங்க சார்?" என்பதுதான். பிறகு முதுகில் ஒட்டுப் பரிசோதனை செய்து, பார்த்தீனியம்தான் காரணம் என்று உறுதி செய்தார். களிம்பு எழுதிக் கொடுத்து விட்டு அவர் சொன்னது: "மருந்து பாதி வேலைதான் செய்யும். செடி இருக்கும் வரை இதுவும் இருக்கும்."

இப்படி ஒவ்வாமை வந்தவர்களில் சிலருக்குச் சாமந்திப் பூவும் ஒத்துக் கொள்ளாமல் போகும். கால்நடைகளையும் இந்தச் செடி விடுவதில்லை. இதைத் தின்ற மாட்டின் பால் கசக்கும். தொடர்ந்து அதிகம் தின்றால் மாட்டின் உடல்நலமும் கெடும்.

ஆப் எப்படிப் பெயரைச் சொல்கிறது?

செயல்படும் முறையைத் தெரிந்து கொண்டால்தான் ஆப்பை எவ்வளவு நம்பலாம் என்பது புரியும். பெயர் எழுதப்பட்ட லட்சக்கணக்கான செடிப் படங்களைக் கம்ப்யூட்டருக்குக் காட்டிப் பயிற்சி கொடுக்கிறார்கள். இப்படிப் பயிற்சி பெறும் அமைப்புக்கு நியூரல் நெட்வொர்க் என்று பெயர். இலையின் விளிம்பு, நரம்பு, நிறம், பூவின் வடிவம் ஆகியவற்றில் எந்தக் கலவை எந்தப் பெயரோடு வருகிறது என்பதை அது தானாகவே கற்றுக் கொள்கிறது. நீங்கள் புதிய படத்தைக் கொடுத்ததும், தனக்குத் தெரிந்த ஒவ்வொரு பெயருக்கும் ஒரு மதிப்பெண் போட்டு, அதிக மதிப்பெண் பெற்ற பெயரை மேலே காட்டுகிறது.

"87 சதவீதம்" என்று ஆப் காட்டினால் என்ன பொருள்? 100 தடவையில் 87 தடவை அந்தப் பதில் சரியாக இருக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. தனக்குத் தெரிந்த பெயர்களுக்குள் ஒப்பிட்டுப் பார்த்துப் போட்ட மதிப்பெண் அது. வகுப்பு ஆசிரியரிடம் வருகைப் பதிவேடு ஒன்றுதான் இருக்கிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். வகுப்பில் புதிதாக ஒரு பையன் வந்து உட்கார்ந்தால், பதிவேட்டில் உள்ள பெயர்களில் ஒன்றைத்தான் அவர் அவனுக்குச் சூட்ட முடியும். ஆப்பும் பெரும்பாலும் அப்படித்தான். அதன் பட்டியலில் இல்லாத செடியைக் காட்டினாலும் ஏதோ ஒரு பெயரைச் சொல்லி விடும்.

இன்னொரு விஷயம். மக்கள் செடிகளைப் பூவோடுதான் விரும்பிப் படம் எடுப்பார்கள். எனவே பயிற்சிப் படங்களில் பூத்த செடிகளே மிகுதி. இதனால்தான் பூத்த செடியை ஆப்கள் நன்றாகக் கண்டுபிடிக்கின்றன. இளஞ்செடியின் படம் கொடுத்தால் திணறுகின்றன. நான் முயன்று பார்த்தபோது, பூத்த பார்த்தீனியத்துக்கு எல்லா ஆப்களும் சரியான பெயரையே சொல்லின. ஆறு இலை விட்ட நாற்றுக்கோ ஆப்புக்கு ஆப் பதில் மாறியது.

தொடக்கத்தில் நான் சொன்ன சிக்கல் இதுதான். ஆப்புக்கு உறுதி வரும்போது செடி பூத்திருக்கும். செடி பூத்து விட்டால் நமக்கு நேரம் கடந்திருக்கும். எனவே ஆப் சொல்வதைத் தொடக்கமாக வைத்துக் கொண்டு, முடிவை நம் கண்ணால் சரிபார்த்து எடுக்க வேண்டும்.

படம் எடுக்கும் முறை

ஒரே ஒரு படத்தை எடுத்து ஆப்பிடம் கேட்காதீர்கள். கீழ்க்கண்ட மூன்று படங்களை எடுங்கள்.

1. நேர் மேலிருந்து முழுச் செடி. இளம் பார்த்தீனியத்தின் இலைகள் தரையோடு ஒட்டி, வட்டமாக, ரோஜாப் பூ இதழ் விரிந்தது போல அமைந்திருக்கும். மேலிருந்து எடுத்தால்தான் இது தெரியும்.

2. ஒரு தனி இலை. செடியைத் தொடாமல், இலைக்குக் கீழே ஒரு வெள்ளைத் தாளைச் செருகி எடுங்கள். பின்னால் உள்ள புல்லும் மண்ணும் மறைந்து விடுவதால் ஆப்புக்குக் குழப்பம் குறையும்.

3. செடி உயர்ந்திருந்தால், பக்கவாட்டில் தண்டின் படம். தண்டில் இலைகள் எப்படி அமைந்துள்ளன என்பது இதில் தெரிய வேண்டும்.

கடும் வெயிலில் எடுத்தால் இலையின் பள்ளங்கள் வெளுத்துப் போகும். காலை அல்லது மாலையில், அல்லது உங்கள் நிழல் விழும்படி நின்று எடுங்கள். மிக அருகில் சென்றால் படம் மங்கும். சற்றுத் தள்ளி நின்று ஜூம் செய்து, திரையில் இலை தெரியும் இடத்தை விரலால் ஒரு முறை தொட்டு ஃபோகஸ் செய்த பிறகு கிளிக் செய்யுங்கள்.

பிளாண்ட்நெட்டில் ஒரே செடியின் பல படங்களைச் சேர்த்துக் கொடுக்கலாம். ஒவ்வொரு படத்தையும் கொடுக்கும்போது அது இலையா, பூவா, காயா, பட்டையா என்று தேர்வு செய்யும் வசதி உண்டு. சரியாகத் தேர்வு செய்யுங்கள். ஐநேச்சுரலிஸ்டில் இன்னொரு வசதி இருக்கிறது. நீங்கள் பதிவேற்றிய படத்தைச் செடிகள் பற்றித் தெரிந்த மற்ற உறுப்பினர்களும் பார்த்துப் பெயரை உறுதி செய்வார்கள். முதல் தடவை இந்த வழியில் ஒரு செடியை உறுதி செய்து கொண்டால், அடுத்த தடவை ஆப்பே தேவைப்படாது.

ஓர் எச்சரிக்கை. ஐநேச்சுரலிஸ்டில் பதிவேற்றும்போது படம் எடுத்த இடமும் மேப்பில் தெரியும். வீட்டு வாசலில் எடுத்த படம் என்றால் உங்கள் முகவரியை ஊருக்கே சொன்னது போல ஆகி விடும். பதிவில் ஜியோபிரைவசி என்ற பகுதிக்குச் சென்று அப்ஸ்கியூர்டு என்பதைத் தேர்வு செய்யுங்கள். சரியான இடத்துக்குப் பதிலாக, சுமார் 20 கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு கட்டம்தான் மற்றவர்களுக்குத் தெரியும்.

கண்ணால் சரிபார்க்க ஐந்து அடையாளங்கள்

ஆப் "பார்த்தீனியம்" என்று சொன்னதும் கீழே உள்ளவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

1. இலை ஆழமாகப் பிளவுபட்டு, பிளவுகளும் மீண்டும் பிளவுபட்டு இருக்கும். ஆனால் தனித்தனிச் சிற்றிலைகளாகப் பிரிந்து விடாது.

2. நிறம் வெளிர் பச்சை. இலையிலும் தண்டிலும் மெல்லிய மயிர்கள் இருக்கும். படத்தை ஜூம் செய்தால் தெரியும்.

3. உயர்ந்த செடியின் தண்டில் நீளவாக்கில் வரிவரியாகப் பள்ளங்கள் இருக்கும்.

4. தண்டில் இலைகள் மாறி மாறி அமைந்திருக்கும். ஓர் இலை இந்தப் பக்கம் என்றால் அடுத்தது சற்று மேலே மறு பக்கம். எதிரெதிராக ஜோடியாக இருக்காது.

5. பூத்து விட்டால் சந்தேகமே வேண்டாம். கிளை நுனிகளில் கொத்துக் கொத்தாகச் சிறு வெள்ளைப் பூக்கள். ஒவ்வொன்றும் சுமார் 4 மில்லிமீட்டர்தான் இருக்கும். ஐந்து மூலைகள் தெரியும்.

குழப்பும் செடிகள் எவை? துலுக்கச் சாமந்தி, காஸ்மாஸ் ஆகியவற்றின் இலைகளும் பிளவுபட்டிருக்கும். ஆனால் அவை தண்டில் பெரும்பாலும் எதிரெதிராக இருக்கும். மாசிபத்திரியின் இலையைத் திருப்பினால் அடிப்புறம் சாம்பல் வெள்ளையாகத் தெரியும். கேரட் இலை இன்னும் நுணுக்கமாக, தனித்தனியாகப் பிரிந்திருக்கும். வெட்டுக்காயப் பூண்டின் பூவும் வெண்மையானதுதான். ஆனால் அதன் நடுப்பகுதி மஞ்சள். நீண்ட காம்பில் ஒற்றைப் பூவாக நிற்கும். இலையின் ஓரம் பல் பல்லாக இருக்கும், ஆழமாகப் பிளந்திருக்காது. காயத்துக்கு வைத்துக் கட்ட இந்தப் பூண்டைத் தேடுபவர்கள் கிராமங்களில் இன்றும் இருக்கிறார்கள். பெயர் மாறினால் காயத்தில் விஷத்தை வைத்துக் கட்டியது போல ஆகி விடும்.

எனவே ஒரு விதியை வைத்துக் கொள்ளுங்கள். பிடுங்குவதற்கு ஆப்பையும் இந்த ஐந்து அடையாளங்களையும் நம்பலாம். தவறினால் ஒரு சாமந்திச் செடி போகும், அவ்வளவுதான். ஆனால் சாப்பிடுவதற்கோ மருந்தாகப் போடுவதற்கோ ஆப்பை நம்பி எந்தச் செடியையும் எடுக்காதீர்கள். கசக்கி முகர்ந்து பார்ப்பதும் வேண்டாம்.

பிடுங்குவது எப்படி?

மழை பெய்த மறுநாள் மண் ஈரமாக இருக்கும்போது வேரோடு எளிதாக வரும். அரிவாளால் அறுத்து விட்டால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். அடித்தண்டிலிருந்து மீண்டும் துளிர்த்து, குட்டையாக இருக்கும்போதே பூத்து விடும்.

முழுக்கைச் சட்டை, ரப்பர் கையுறை, மூக்கையும் வாயையும் மூடும் மாஸ்க் ஆகியவை கட்டாயம். வேலை முடிந்ததும் உடுப்பைத் தனியாகத் துவைத்து, சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும். ஏற்கெனவே ஒவ்வாமை உள்ளவர்கள் கையுறை போட்டுக் கொண்டாலும் இந்த வேலையில் இறங்கக் கூடாது.

கூலிக்கு ஆள் வைத்துப் பிடுங்கச் சொன்னாலும் இதே விதிதான். எங்கள் பகுதியில் களையெடுக்க வரும் அக்காக்கள் வெறுங்கையோடுதான் வருவார்கள். "எங்களுக்கு ஒண்ணும் ஆகாது தம்பி, பழகிப் போச்சு" என்பார்கள். இந்தச் செடியைப் பொறுத்தவரை பழகப் பழகத்தான் ஆபத்து. வருடக்கணக்கில் ஒன்றும் ஆகாதவருக்கும் ஒரு நாள் தொடங்கலாம். தொடங்கி விட்டால் வயல் வேலை, தோட்ட வேலை எதுவும் செய்ய முடியாமல் பிழைப்பே போய் விடும். நம் ஒரு மாத இண்டர்நெட் கட்டணத்தில் நான்கைந்து பேருக்குக் கையுறை வாங்கி விடலாம். கூலியோடு சேர்த்து அதையும் கொடுங்கள்.

பிடுங்கியதை என்ன செய்வது? பூக்காத செடி என்றால் காய வைத்து மட்கு உரக் குழியில் போடலாம். பூத்த செடியை உரக் குழியில் போடாதீர்கள். வீட்டுக் குழியில் விதையைக் கொல்லும் அளவுக்குச் சூடு வருவது கடினம். சாக்குப் பையில் கட்டி, ஆழமாகக் குழி தோண்டிப் புதையுங்கள். எரிப்பது நல்லதல்ல, புகை அக்கம் பக்கத்தவரின் மூச்சுக்குக் கெடுதல்.

பயிர் செய்யாத தரிசு நிலத்தில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் சமையல் உப்பு என்ற அளவில் கரைத்துத் தெளிக்கும் முறையும் உண்டு. இதனால் செடி கருகும். ஆனால் மண்ணும் உப்பாகும். தோட்டத்திலோ, கிணற்றுக்கு அருகிலோ, தென்னை மரத்தடியிலோ இதைச் செய்யாதீர்கள். களைக்கொல்லி தெளிக்க வேண்டிய அளவுக்குப் பெரிய இடம் என்றால் உங்கள் பகுதி வேளாண்மை அலுவலரைக் கேளுங்கள்.

வண்டும் ஆவாரையும்

பார்த்தீனியத்தின் இலையைத் தின்று வாழும் வண்டு ஒன்று உண்டு. பெயர் சைகோகிராமா பைகொலராட்டா. மெக்சிகோவிலிருந்து 1983-இல் பெங்களூருக்குக் கொண்டு வரப்பட்டு, சோதனைகளுக்குப் பிறகு 1984-இல் வெளியில் விடப்பட்டது. வெளிர் மஞ்சள் முதுகில் கரும்பழுப்புக் கோடுகளோடு மழைக்காலத்தில் தெரியும். பார்த்தால் கொல்லாதீர்கள். ஆனால் வறண்ட மாதங்களில் இது மண்ணுக்குள் போய் விடும். எனவே இதை மட்டும் நம்பி நாம் சும்மா இருக்க முடியாது.

பிடுங்கிய இடத்தை வெறுமனே விட்டால் அடுத்த மழைக்கு மீண்டும் பார்த்தீனியமே வரும். அங்கே ஆவாரை, தகரை, கொழுஞ்சி, துலுக்கச் சாமந்தி போன்றவற்றின் விதைகளைத் தூவி விடுங்கள். அவை அடர்ந்து வளர்ந்து இடத்தைப் பிடித்துக் கொண்டால் பார்த்தீனியம் தலைதூக்குவது குறையும்.

எக்செல் நினைவூட்டட்டும்

ஒரு தடவை பிடுங்கினால் தீராது, மண்ணில் விதை இருப்பு இருக்கிறது என்று பார்த்தோம். எனவே ஒவ்வொரு மழைக்கும் பிறகு தவறாமல் போக வேண்டும். இங்கேதான் கம்ப்யூட்டர் உதவும். எக்செல்லோ லிப்ரே ஆபிஸ் கால்க்கோ, எது இருந்தாலும் சரி.

ஐந்து பத்திகளுக்குத் தலைப்பு கொடுங்கள்: மழை பெய்த தேதி, போக வேண்டிய தேதி, இடம், பிடுங்கிய செடிகள், பூத்திருந்தவை. முதல் பத்தியில் மழைத் தேதியை டைப் செய்யுங்கள். இரண்டாம் பத்தியில் சமக்குறி போட்டு, மழைத் தேதி உள்ள செல்லை மவுஸால் கிளிக் செய்து, பிறகு +20 என்று டைப் செய்து என்டர் கீயைத் தட்டுங்கள். 20 நாள் கழித்து வரும் தேதி கிடைக்கும். தேதிக்குப் பதிலாக ஏதோ எண் தெரிந்தால், அந்தச் செல்லின் ஃபார்மட்டை டேட் என்று மாற்றினால் போதும். அந்தத் தேதியை செல்போன் காலண்டரில் நினைவூட்டலாகப் போட்டு வையுங்கள்.

ஏன் 20 நாள்? அதற்குள் விதை முளைத்து, இலை வட்டம் நன்றாகத் தெரியும். சுமார் 4 வாரத்தில் வரும் பூ இன்னும் வந்திருக்காது. தொடர்மழைக் காலம் என்றால் 20 நாளுக்கு ஒரு முறை திரும்பப் போக வேண்டும்.

கடைசிப் பத்திதான் முக்கியம். மொத்தம் எத்தனை பிடுங்கினோம் என்பது மழையைப் பொறுத்து ஏறும், இறங்கும். அதைப் பார்த்துச் சோர்ந்து போகாதீர்கள். பூத்திருந்தவை எத்தனை என்பதைப் பாருங்கள். அது பூஜ்யமாக இருந்தால், உங்கள் மனையில் உள்ள செடிகளிலிருந்து புதிதாக ஒரு விதைகூட விழவில்லை என்று பொருள். பழைய விதைகள் முளைத்து முளைத்துத் தீர வேண்டியதுதான்.

நாங்கள் மூன்று மனைகளில் தொடங்கினோம். இரண்டு மழைக்காலம் முடிந்து விட்டது. செடிகள் இன்னும் முளைக்கத்தான் செய்கின்றன. ஆனால் கடைசிப் பத்தியில் தொடர்ந்து ஐந்து பூஜ்யம். அடுத்த தெரு மனைகளில் செடி இருப்பதால் அப்பா இப்போது வேறு வழியில் வாக்கிங் போகிறார். அந்தத் தெருக்காரர்களுக்கும் இந்த எக்செல் ஃபைலை அனுப்பி இருக்கிறேன். நீங்களும் ஒன்று தயாரித்து உங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். காற்றில் வரும் விதைக்கு காம்பவுண்டுச் சுவர் ஒரு தடையே அல்ல.